காற்றாடிக் குமிழ் உடைந்தால் எங்கே போவது?

எங்கள் வீட்டுக் காற்றாடியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உடைந்துபோனது. மோட்டார் நன்றாக ஓடுகிறது, இறக்கையிலும் பழுதில்லை. கடையில் கேட்டால் குமிழ் மட்டும் தனியாக வராது, புதுக் காற்றாடியே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு மாதம் இடுக்கியால் தண்டைத் திருகிச் சமாளித்தேன். அதன் பிறகுதான் பொதுப் பட்டறைப் பக்கம் போனேன்.

மேக்கர்ஸ்பேஸ் என்று சொல்கிறார்களே, அதைத்தான் பொதுப் பட்டறை என்கிறேன். 3டி பிரிண்டர், லேசர் வெட்டும் எந்திரம், ஈயப் பற்று வைக்கும் கோல், துளைக்கருவி என்று ஒரு குடும்பம் தனியாக வாங்கிவைக்க முடியாத கருவிகளைப் பலர் சேர்ந்து பயன்படுத்தும் இடம். தோட்டத்துப் பட்டறையைப் பார்த்து வளர்ந்த ஜொகூர்க்காரர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. புனேவுக்கு அருகே பாபல் என்ற சிற்றூரில் இருக்கும் விஞ்ஞான் ஆசிரமம், அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தோடு சேர்ந்து 2002-லேயே இப்படி ஒரு கூடத்தைத் தொடங்கிவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், வீரப்பன் சுவாமிநாதன் இணைந்து தொடங்கிய சஸ்டெய்னபிள் லிவிங் லேப் நிறுவனம் ‘ரிப்பேர் கோப்பிதியாம்’ கூட்டங்களை நடத்திவருகிறது. உடைந்த பொருளோடு போனால் அங்குள்ள தொண்டர்கள் அதை வாங்கிச் சரிசெய்து கையில் கொடுத்துவிட மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கையாலேயே சரிசெய்ய வைப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

குமிழுக்கு வருவோம். முதல் வேலை அளவெடுப்பது. காற்றாடியின் தண்டு 6 மில்லிமீட்டர். வட்டத்தில் ஒரு பக்கத்தை மட்டும் சீவிவிட்டதுபோல் தட்டையாக இருந்தது. வெர்னியர் அளவியால் அளந்து, டிங்கர்கேட் என்ற இலவச இணையச் செயலியில் வரைந்தேன். துளைக்கும் சரியாக 6 மில்லிமீட்டர்தான் கொடுத்தேன். அச்சாகி வந்த குமிழ் தண்டில் ஏறவே இல்லை. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது துளை கொஞ்சம் சிறுத்துவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை 6.5 வைத்தேன், லொடலொடவென்று ஆடியது. மூன்றாம் முறை 6.2, சிக்கென்று உட்கார்ந்தது.

பிரிண்டர் வேலை செய்யும் விதம் முறுக்கு பிழிவதுபோலத்தான். 1.75 மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் இழையை 200 டிகிரி அளவில் உருக்கி, 0.4 மில்லிமீட்டர் துளை வழியாகப் பிழிந்து, 0.2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்குமேல் அடுக்காக வைத்துக்கொண்டே போகும். 2 சென்டிமீட்டர் உயரக் குமிழ் என்றால் 100 அடுக்கு. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில்தான் பலம் குறைவு. அதனால் கொக்கி மாதிரி இழுவிசை தாங்கவேண்டிய பொருளை நிற்கவைத்து அச்சிடக் கூடாது, படுக்கவைக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று தனியாக இரண்டு தொல்லைகள் உண்டு. இழை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலத்தில் திறந்து வைத்த சுருளைப் போட்டால் முனையில் பட்பட்டென்று வெடிக்கும், மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிவைத்தால் தப்பிக்கலாம். அடுத்தது வெயில். தொடக்கக்காரர்கள் பயன்படுத்தும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். மத்தியான வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் அதில் அச்சிட்ட கைப்பேசித் தாங்கி வளைந்து கிடந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

லேசர் எந்திரத்துக்கு நான் சொல்லக்கூடிய முதல் வேலை கோலத் தகடு. தீபாவளிக்கு வாசலில் மாவு தூவ 3 மில்லிமீட்டர் பலகையிலோ அக்ரிலிக்கிலோ வெட்டிக்கொள்ளலாம். சிக்குக் கோலத்தை அப்படியே வெட்டக் கொடுத்தால், கோடு சுற்றி வளைத்த ஒவ்வொரு கண்ணும் கீழே உதிர்ந்துவிடும். கையில் பெரிய ஓட்டைதான் மிஞ்சும். ஒவ்வொரு வளைவிலும் 2, 3 மில்லிமீட்டர் வெட்டாமல் பாலம் விட வேண்டும். அதை எங்கே விடுவது என்று யோசிக்கும்போதுதான் பாட்டி ஒரே இழுப்பில் போட்ட கோலத்தின் கணக்கு நமக்குப் புரியத் தொடங்கும். பிவிசி தகட்டை மட்டும் லேசரில் வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலுக்கும் கேடு, எந்திரத்தையும் அரித்துவிடும்.

மின்னணு வேலையில் ஆர்வமிருந்தால் கணினியிலிருந்து நிரல் ஏற்றி இயக்கும் ஆர்டுயினோ வகைப் பலகை ஒன்று போதும். சைட்ரோன் என்ற மலேசிய நிறுவனத்தின் மேக்கர் ஊனோ பலகையில் சிறு விளக்குகள், ஒலிப்பான், பொத்தான் எல்லாம் பலகையிலேயே இருப்பதால், ஒரு வயர்கூட இணைக்காமல் முதல் பாடத்தை முடித்துவிடலாம். இப்போது பினாங்கில் இருக்கும் அந்த நிறுவனம் தொடக்க காலத்தில் நம் ஸ்கூடாயில்தான் இருந்தது. கறிவேப்பிலைத் தொட்டி காய்ந்தால் விளக்கு எரியும்படி செய்வது நல்ல முதல் வேலை. இதெல்லாம் 5 வோல்ட், தொட்டால் ஒன்றும் ஆகாது. சுவர் பிளக்கில் செருகும் 230 வோல்ட் சாதனத்தைத் தெரிந்தவர் துணையில்லாமல் பிரிக்கவே கூடாது. மைக்ரோவேவ் அடுப்பைத் தொடவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

பிள்ளைக்காகத்தானே பட்டறைக்குப் போகிறீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். படிவம் 3-இல் ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்தில் மெக்கட்ரானிக்ஸ் வருகிறது, உதவிக்கு ஆகும்தான். ஆனால் நான் போவது எனக்காக. இன்னொரு டியூஷன் வகுப்பாக அதை மாற்றிவிட்டால் பிள்ளையும் வராது, நமக்கும் சலித்துவிடும். என் மகள் முதல் நாள் சும்மா வேடிக்கை பார்க்க வந்தாள். இரண்டாவது குமிழ் ஆடியபோது, “அப்பா, 6.2 போட்டுப் பாருங்க” என்றவள் அவள்தான். பெரியவர்கள் தப்புச் செய்து, திரும்ப அளந்து, மறுபடி செய்வதைப் பிள்ளைகள் பார்க்கும் வாய்ப்பு இப்போதெல்லாம் எத்தனை வீட்டில் இருக்கிறது?

முதல்முறை போகும்போது விரலை மூடும் சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். நீள முடியாக இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். எந்திரப் பயிற்சி எந்த நாளில் நடக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். பயிற்சி எடுக்காதவர்களை லேசர் பக்கம் விடாத பட்டறைதான் நல்ல பட்டறை. உடைந்த பொருளின் துண்டுகளை ஒன்றுவிடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். குப்பையில் எறிந்துவிட்டால் அளவெடுக்க ஒன்றும் இருக்காது.