விரதமும், சத்து மாத்திரையும்!

மயிலாப்பூரில் வசிக்கும், 37 வயது இல்லத்தரசி நான். பத்தாவது வரை படித்தவள்.

கந்த சஷ்டிக்கு, ஆறு நாளும் பாலும், பழமுமாக விரதம் இருப்பது என் வழக்கம். போன வருஷம், மகளுக்கு காலேஜ் சீட் கிடைத்ததற்காக, 'வெறும் தண்ணீர் மட்டும் தான்' என்று வேண்டிக் கொண்டேன். அதற்கு முன்பே, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 தான் இருக்கிறது என்று, டாக்டரம்மா இரும்புச் சத்து மாத்திரையும், வைட்டமின் மாத்திரையும் கொடுத்திருந்தார். 'சோறு தான் இல்லை. சத்தாவது உள்ளே போகட்டும்' என்று, தினமும் வெறும் வயிற்றில் விழுங்கினேன்.

மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. 'மாத்திரை போட்டா விரதம் முறிஞ்சிடும்டி. நம்ம ராயப்பேட்டை ஹைரோட்டுல நினைவு இல்லம் இருக்கே, பொட்டி ஸ்ரீராமுலு... ஆந்திரா கேட்டு, 1952ல, 58 நாள் பட்டினி கிடந்தாரே, அவரு மாத்திரையா முழுங்கினாரு?' என்றார்.

'அவர் உயிரையே விட்டுட்டார் அத்தை. எனக்கு நாளைக்கு சமைக்கணும். மாத்திரை என்ன சாப்பாடா? தண்ணியில முழுங்கினா தப்பில்லை' என்று வாதாடி ஜெயித்தேன். ஜெயித்தது தான் வினை!

மூன்றாம் நாள் காலை, கபாலீஸ்வரர் கோவிலில் சிங்காரவேலரை சேவித்து வெளியே வந்ததும், வயிறு எரிந்து, வாந்தி வந்து, தலை சுற்றியது. மாட வீதி பூக்காரம்மா தாங்கிப் பிடித்து, ஆட்டோவில் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

நல்ல திட்டு கிடைத்தது. இரும்பு மாத்திரை, காலி வயிற்றில் பலருக்கு எரிச்சலும், குமட்டலும் தருமாம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள், சாப்பாட்டில் உள்ள எண்ணெய், நெய்யோடு சேர்ந்தால் தான் உடம்பில் சரியாக ஒட்டுமாம். பட்டினியில் முதலில் குறைவது உப்புச் சத்தும், நீரும். அதை வைட்டமின் மாத்திரை ஈடு செய்யாதாம். 'ரத்த சோகைக்காரிக்கு வெறும் தண்ணி விரதமே கூடாது. மாத்திரை, சாப்பாட்டுக்கு பதில் இல்லம்மா' என்றவர், 'வீட்டுல வேற யாராவது மாத்திரையோட விரதம் இருக்காங்களா?' என்று கேட்டார்.

எனக்கு பகீரென்றது. மாமியாருக்கு சர்க்கரை வியாதி. அன்று அவரும் விரதம். உடனே போன் செய்தேன். 'நீ தானே தப்பில்லைன்னே... காலையிலயே போட்டுட்டேன். கை தான் என்னமோ நடுங்குது' என்றார். சில சுகர் மாத்திரைகளைப் போட்டு சாப்பிடாமல் இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை அளவு மளமளவென்று இறங்கி, மயக்கமே வந்து விடுமாம்.

டாக்டரம்மா சொன்னபடி, பக்கத்து வீட்டு அக்கா ஓடிப் போய், சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். நான் போன போது, புடவையெல்லாம் வியர்வையில் நனைந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை; 'விரதம் போச்சேடி' என்று தான் அழுதார்.

'காந்திஜி, 1943ல ஆகாகான் மாளிகை காவலில், 21 நாள் உண்ணாவிரதம் இருந்தப்ப, தண்ணியில பழச்சாறு கலந்து தான் குடிச்சார் அத்தை' என்றேன். சமாதானமானாரோ, என்னவோ... டம்ளரை மட்டும் கீழே வைக்கவில்லை.

இப்போதெல்லாம் விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே, இருவரும் டாக்டரம்மாவைப் பார்த்து விடுகிறோம். எந்த மாத்திரையை எப்போது போடுவது, எதை நிறுத்தவே கூடாது என்று, அவர் சீட்டில் எழுதித் தருகிறார். எனக்கு பழையபடி பால், பழம். மாமியாருக்கு ஒரு வேளை கூட பட்டினி கிடையாது. அதற்கு பதில், ஆறு நாளும் கவசம் படிப்பது அவர் பொறுப்பு. நான் நடுவில் ஒரு வரி விட்டால், அடுப்படி வரை கேட்கும்படி அதட்டுகிறார்!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மயிலாப்பூர்.