இனவெறி, காவல்துறை, போராட்டம்: வகுப்பறையில் எப்படிப் பேசுவது?

இனவெறி என்ற சொல்லைக் கேட்டவுடன் இந்திய மாணவர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவே. 2020-ஆம் ஆண்டு மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட், காவல் அதிகாரியின் முழங்காலுக்கு அடியில் உயிரிழந்த காட்சியைக் கைபேசியில் பார்த்த தலைமுறை இது. ஆனால், தலைநகர் தில்லியின் லாஜ்பத் நகர் சந்தையில் 2014-ஆம் ஆண்டு என்ன நடந்தது என்று கேட்டால், வகுப்பில் உயரும் கைகள் குறைவாகவே இருக்கும். இனவெறி குறித்த பாடத்தை வெளிநாட்டில் தொடங்கி வெளிநாட்டிலேயே முடித்துவிடுவது ஆசிரியருக்கு எளிது. அந்த எளிமைதான் சிக்கலும்கூட.

அருணாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த கல்லூரி மாணவர் நிடோ தானியா, அவ்வாண்டு ஜனவரி 29 அன்று அச்சந்தையிலுள்ள ஒரு கடையில் முகவரி விசாரித்தார். அவரது தலைமுடியையும் தோற்றத்தையும் கடையிலிருந்தோர் கேலி செய்தனர். ஆத்திரத்தில் அவர் கடையின் கண்ணாடியை உடைக்க, சிலர் சேர்ந்து அவரைத் தாக்கினர். காவல்துறையினர் வந்தனர். உடைந்த கண்ணாடிக்கு இழப்பீடு தரப்பட்டு, சமரசமாக விவகாரம் முடித்து வைக்கப்பட்டது. மறுநாள் அந்த மாணவர் உயிரிழந்தார்.

கேலியில் தொடங்கியது எவ்வாறு மரணத்தில் முடிந்தது என்பதை வகுப்பில் படிப்படியாக விவாதிக்க இயலும். குறிப்பாக, காவல்துறையின் பங்கு இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது. கண்ணாடியின் சேதத்தைப் பணத்தால் அளவிட முடிந்தது. அடியையும் அவமதிப்பையும் எந்த அளவுகோலால் எடை போட்டார்கள் என்பதே மாணவர்கள் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி. ஃபிளாய்ட் நிகழ்வில் காவலரே தாக்கியவர். இங்கோ, தாக்குதலைச் சில்லறைத் தகராறாகக் கருதியதே குற்றச்சாட்டு. இரண்டையும் ஒன்றெனக் கற்பிப்பது பிழை.

இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டிய மற்றொரு ஆவணம் உண்டு. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கான பாதுகாப்புக் குறிப்புகள் என்ற பெயரில் தில்லி காவல்துறை 2007-ஆம் ஆண்டு ஒரு கையேட்டை வெளியிட்டது. உடலை வெளிக்காட்டும் ஆடைகளைத் தவிர்க்க வேண்டும், மூங்கில் குருத்து, அகுனி எனப்படும் நொதித்த சோயா போன்ற மணம் மிகுந்த உணவுகளை அக்கம்பக்கத்தில் பிரச்சினை எழாதவாறு சமைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் அறிவுறுத்தப்பட்டிருந்தது. கடும் கண்டனத்தை அக்கையேடு சந்தித்தது. அதை எழுதியவர்கள் தீய நோக்கம் கொண்டிருந்தார்கள் என்று கருத வேண்டியதில்லை, பாதுகாக்கவே முனைந்திருக்கலாம். எனினும், அறிவுரை யாருக்குச் சொல்லப்பட்டது, யாருக்குச் சொல்லப்படவில்லை என்று மாணவர்களைப் பார்க்கச் சொன்னால், பாரபட்சம் என்பது வசைச்சொல்லில் மட்டும் இருப்பதில்லை என்பதை அவர்களே கண்டுகொள்வர். அதே அறிவுரையை வீட்டு உரிமையாளருக்கும் கடைக்காரருக்கும் எழுதித் தருமாறு பயிற்சி கொடுப்பது, ஒரு மணி நேர விரிவுரையை விடப் பயன் தரும்.

போராட்டத்தின் விளைவுகளையும் இதே நிகழ்வில் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து காணலாம். 2014 பிப்ரவரியில் வடகிழக்கு மாநில மாணவர்கள் ஜந்தர் மந்தரில் திரண்டனர். விசாரணை சிபிஐ-யிடம் ஒப்படைக்கப்பட்டது. வடகிழக்கு கவுன்சில் உறுப்பினர் எம்.பி. பெஸ்பரூவா தலைமையில் மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது; ஜூலையில் அக்குழு அறிக்கை அளித்தது. தில்லி காவல்துறையில் வடகிழக்கு மாநிலத்தவருக்கென சிறப்புப் பிரிவும், 1093 என்ற உதவி எண்ணும் செயல்பாட்டுக்கு வந்தன. வடகிழக்கின் வரலாறும் பண்பாடும் குறித்த துணைப் பாடநூலை என்.சி.இ.ஆர்.டி. 2017-ஆம் ஆண்டு வெளியிட்டது. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் நடவடிக்கைகளைக் கண்காணிக்கக் குழு அமைக்குமாறு கர்மா டோர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது.

நிறைவேறாதவற்றையும் மறைக்கலாகாது. இனரீதியான இழிசொல்லையும் செயலையும் தனிக் குற்றமாக்க, தண்டனைச் சட்டத்தில் 153சி, 509ஏ என இரு புதிய பிரிவுகளைச் சேர்க்கக் குழு பரிந்துரைத்தது. அவை சட்டமாகவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, இனம், சாதி, பிறந்த இடம், மொழி முதலிய காரணங்களுக்காக ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து செய்யும் கொலைக்கு ஆயுள் அல்லது மரண தண்டனை விதிக்கிறது. சாலையில் நடந்து செல்லும் மாணவியை நோக்கி வீசப்படும் ஒரு சொல்லுக்கென அத்தகைய தனிப் பிரிவு ஏதும் இல்லை.

பாடநூல்கள் இவ்விவாதத்துக்கு முன்பு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருந்தன. பத்தாம் வகுப்பு அரசியல் பாடநூலில் இருந்த ஜனநாயகமும் பன்முகத்தன்மையும் பற்றிய அத்தியாயம், 1968 மெக்சிகோ ஒலிம்பிக் போட்டியில் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் ஆகிய கறுப்பின வீரர்கள் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்து முட்டியை உயர்த்திய நிகழ்வுடன் தொடங்கியது. அவர்களுடன் நின்ற வெள்ளையரான ஆஸ்திரேலிய வீரர் பீட்டர் நார்மன், மனித உரிமைச் சின்னத்தை நெஞ்சில் அணிந்திருந்தார். (பதக்கங்கள் பறிக்கப்பட்டதாகப் பரவலாக நம்பப்படுவது சரியன்று, இருவரும் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.) பெருந்தொற்றுக்குப் பின் பாடச் சுமையைக் குறைப்பதாகக் கூறி மேற்கொள்ளப்பட்ட திருத்தத்தில், அந்த அத்தியாயமும், மக்கள் போராட்டங்கள், இயக்கங்கள் பற்றிய அத்தியாயமும் நீக்கப்பட்டன. சுமை குறைந்திருக்கலாம். ஆனால், மாணவர்கள் இவற்றைப் பற்றிக் கேட்பது குறையவில்லை. பதிலைத் தேடும் இடம் மட்டும் கைபேசிக்கு மாறியிருக்கிறது.

நார்மனின் கதை ஆசிரியருக்குக் கைகொடுக்கக் காரணம் உண்டு. வகுப்பில் பெரும்பாலோர் பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்தவர்களாக இருக்கமாட்டார்கள்; அருகில் நின்றவர் என்ன செய்தார் என்பதே அவர்களுக்கு நெருக்கமான கேள்வி. மாறாக, வகுப்பில் மணிப்பூரிலிருந்தோ நாகாலாந்திலிருந்தோ வந்த ஒரே மாணவரை எழுப்பி, உன் அனுபவத்தைச் சொல் என்று கேட்பது, நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டாலும், அவரை மீண்டும் தனித்து நிறுத்துவதாகவே அமையும். அவர் தாமாகப் பேச முன்வந்தால் கேட்க வேண்டும்; அவ்வளவே. காவலர் ஒருவரின் மகனோ மகளோ அதே வகுப்பில் இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. எனவே, ஒரு துறையை ஒட்டுமொத்தமாகத் தூற்றுவதை விட, கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்ற அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு, காவல்துறைச் சீர்திருத்தம் குறித்து பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஏழு உத்தரவுகள் ஆகியவற்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் செய்வது பொருத்தமானது.

போராடும் உரிமையைப் பற்றிப் பேசுகையிலும் ஜந்தர் மந்தரையே எடுத்துக்கொள்ளலாம். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை 19-ஆவது பிரிவு வழங்குகிறது. நியாயமான கட்டுப்பாடுகளையும் அதுவே அனுமதிக்கிறது. இரைச்சலைக் காரணம் காட்டி 2017 அக்டோபரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அங்கு போராட்டங்களுக்குத் தடை விதித்தது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முழுத் தடையை ஏற்க மறுத்து, நெறிமுறைகள் வகுக்குமாறு கூறியது. அப்பகுதிவாசியின் உறக்கமும் போராடுபவரின் குரலும் மோதும் இவ்வழக்கில் இரு பக்கமும் வாதிட மாணவர்களுக்கு இடமுண்டு.

சற்றுக் கடினமான வகுப்புக்கு கிரேட்டர் நொய்டா இருக்கிறது. 2017 மார்ச்சில் உள்ளூர் சிறுவன் ஒருவனின் மரணத்தைத் தொடர்ந்து எழுந்த கோபத்தில், அங்கு நைஜீரிய மாணவர்கள் தாக்கப்பட்டனர். அது இனவெறித் தாக்குதலே என்று ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள் கூட்டாக அறிக்கை வெளியிட்டனர். விசாரணை முடியும் முன் அவ்வாறு கூறலாகாது என்று அப்போதைய வெளியுறவுத் துறை அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் மக்களவையில் தெரிவித்தார். ஒரு கும்பலின் நோக்கத்தை எந்தச் சான்றைக் கொண்டு முடிவு செய்வது, அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்ற விவாதத்தை இவ்விரு கூற்றுகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதி வைத்துத் தொடங்கலாம்.