சின்னத் தொட்டிக்குள் யாரை யாரோடு விடுவது?

ஆக்லாந்தின் வடகரையில் டாக்கபூனாவிலிருந்து மில்ஃபோர்டு போகும் வழியெல்லாம் கடலோரம் கருங்கல்தான். புப்புக்கே எரிமலையிலிருந்து வழிந்து உறைந்த குழம்பு அது. கடல் வற்றியதும் அதன் பள்ளங்களில் தேங்கும் நீரில் சிறுமீன், இறால், நண்டு, நத்தை, கடற்சாமந்தி எல்லாம் கிடக்கும். வாளியோடு வருகிறவர்களுக்கு ஒரு நினைப்பு: ஒரே குட்டையில் இருப்பவை வீட்டுத் தொட்டியிலும் ஒத்துப்போகும் என்று. ஒரே பஸ்ஸில் வந்தவர்களை ஒரே அறையில் குடிவைக்க முடியுமா? குட்டைக்குள் நாளுக்கு இருமுறை கடல் ஏறிவந்து அழுக்கைக் கழுவுகிறது, அடிபட்டவனுக்குத் தப்பி ஓட வழியும் விடுகிறது. 60 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் இரண்டுக்கும் இடமில்லை.

முதுகில் மூன்று துடுப்புள்ள டிரிபிள்ஃபின் மீனையே எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்துக் கடலில் 26 வகை உண்டு. பாறைக்குட்டையில் அதிகம் தென்படும் சாதாரண வகை விரல் நீளம்தான், சாதுவாகத் தெரியும். இனப்பெருக்கக் காலம் வந்தால் ஆண் மீன் கறுத்துவிடும். கல்லடியில் முட்டைக்குக் காவல் நின்று, கிட்டே வருகிறதையெல்லாம் விரட்டும். சின்னத் தொட்டிக்கு ஓர் ஆண் போதும்.

இறாலுக்கு ஆபத்து சட்டை உரிக்கும் நாளில். புது ஓடு இறுகும்வரை உடம்பு மெத்தென்று இருக்கும். அதுவரை பேசாமலிருந்த நண்டுகூட அப்போது பிய்த்துத் தின்னும். ஒளிய இண்டு இடுக்கு வேண்டும். தட்டையான அரைநண்டோ யாரையும் கடிக்காது. இறகு போன்ற வாயுறுப்பால் நீரிலுள்ள துகள்களை அரித்துத் தின்னும். வடிகட்டி நீரைப் பளிங்காக்கிவிட்டால் சண்டையே இல்லாமல் பட்டினியில் சாகும். பச்சை மூடியுள்ள பூனைக்கண் நத்தை பாசி மேயும், நல்ல துணை. ஆனால் அதைப் போலவே அப்பாவியாகத் தெரியும் சிப்பித்துளைப்பான் நத்தை, கொட்டலசையும் சிறு மட்டியையும் ஓட்டைபோட்டுத் தின்கிற வேட்டைக்காரன்.

இதே கணக்கைப் பெரிய அளவில் பார்க்க லீ ஊருக்குப் போகவேண்டும். ஆக்லாந்து பல்கலைக்கழகம் 1962இல் அங்கே கடலாய்வுக்கூடம் அமைத்தது. 1975இல் அதன் எதிரே நாட்டின் முதல் கடல் காப்பகம் உருவானது. அதற்கு முன் ஸ்னாப்பர் மீனும் கல் இறாலும் அளவுக்கு மீறிப் பிடிபட்டதால், அவை தின்னவேண்டிய கினா என்னும் கடல் முள்ளெலி பெருகி, கடற்பாசிக் காட்டை மேய்ந்து பாறையை மொட்டையாக்கியிருந்தது. பிடிப்பது நின்றதும் வேட்டைமீன்கள் பெருத்தன. பாசி மெல்லத் திரும்பியது. ஒரு கினாவைத் தொட்டியில் விட்டால் அது மேயும் வேகத்தைத் தடுக்க அங்கே ஸ்னாப்பர் கிடையாது. (காப்பகத்துக்குள் ஒரு கிளிஞ்சலைக்கூட எடுக்கக் கூடாது.)

அடுத்தது சூடு. இங்கத்திய கடல் குளிர்காலத்தில் 14 டிகிரியை ஒட்டியும் கோடையில் 21 டிகிரியை ஒட்டியும் நிற்கும். இந்த உயிர்களுக்கு நீரைக் குளிர்விக்கும் கருவி தேவை, அது மலிவல்ல. கோமாளி மீனுக்கு 25 டிகிரி வேண்டும். இரண்டையும் ஒரே நீரில் சேர்க்க ஆசைப்படுவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் கடையில் செம்பு கலந்த மருந்து தருவார்கள். அது மீனைக் காப்பாற்றும், இறாலையும் நத்தையையும் கொல்லும். நோயாளி மீனைத் தனி வாளிக்கு மாற்றித்தான் மருந்து போடவேண்டும். அந்த வாளியில் கிடந்த கல்லையும் மணலையும் திரும்பத் தொட்டியில் போடக் கூடாது. குடித்த செம்பை அவை பிறகு மெல்ல மெல்லக் கக்கும்.