பண்டிகைக்கும் வீட்டுக்கும் உதவும் காகித வேலைகள்

நமது கிராமங்களில் குடும்பங்கள் கடன்படுவதற்குரிய காரணங்களை ஆராய்ந்தால், விதை, எரு, மாடு, வைத்தியம், கலியாணம் ஆகியவற்றுடன் பண்டிகைச் செலவும் ஓர் இடம் பெற்றிருக்கக் காணலாம். அது பெருந்தொகை அன்று. ஆயினும் ஆண்டுதோறும் தவறாது வருவது. புத்தாடையும் பலகாரச் சாமான்களும் வாங்கிய பின் கையில் எஞ்சும் சில்லறையும், வாயில் தோரணம், கொலுப்படி அலங்காரம், பிள்ளையார் குடை, நட்சத்திர விளக்கு என்று கடைத்தெருவிலேயே கரைந்து விடுகிறது. 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் தன் நோக்கமாகக் கூறியவை சிக்கனம், தன்னுதவி, கூட்டுறவு என்னும் மூன்றுமாகும். அவற்றுள் முதல் இரண்டையும் வீட்டுத் திண்ணையிலேயே பழகுவதற்கு ஏற்ற எளிய கைவேலை காகித வேலை.

கடையில் விற்கும் அலங்காரங்களுள் பெரும்பாலானவை பிளாஸ்டிக்கினால் ஆனவை. பண்டிகை முடிந்ததும் அவை வாய்க்காலிலும் எருக்குழியிலும் கிடந்து நிலத்தைக் கெடுக்கின்றன. மாடுகளின் வயிற்றிலும் சேர்கின்றன. தமிழ்நாட்டில் 1-1-2019 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருள்களுள் கொடிகளும் அடங்கும். மெழுகோ ஜிகினாவோ பூசாத காகிதம் எருக்குழியில் மக்கி மண்ணோடு கலந்துவிடும்.

காகிதம் செய்வது வேறு, காகிதத்தினால் பொருள் செய்வது வேறு. 1934-இல் வார்தாவில் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கம், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் பொறுப்பில், கையால் காகிதம் செய்வதைக் கிராமத் தொழில்களுள் ஒன்றாக வளர்த்தது. அதற்குத் தொட்டியும், நிறைய நீரும், முதலும் வேண்டும். நாம் இங்கே கூறப்போகும் வேலைக்கு ஒரு கத்திரிக்கோல், ஒரு அடிக்கோல், நூல்கண்டு, பசை ஆகியவையே போதும்.

காகிதத்தின் நார் ஓட்டம்

துணிக்குப் பாவும் ஊடையும் இருப்பதுபோல், ஆலையில் செய்த காகிதத்துக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அத்திசையில் கிழித்தால் கிழிசல் நேராகச் செல்லும். குறுக்கே கிழித்தால் கோணிப் போகும். சந்தேகமிருப்பின், ஒரு சிறு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நீரால் நனைத்துப் பார்க்கலாம். அது குழல்போல் சுருளும். அக்குழலின் நீளவாட்டமே நார் ஓடும் திசையாகும். மடிப்பு அத்திசையில் அமைந்தால் கூர்மையாக விழும். குறுக்கே மடித்தால் ஓரம் வெடிக்கும். இவ்வொன்றை அறிந்தவர் வேலையில் பாதி கற்றவர் எனலாம்.

பசை

மைதா மாவு ஒரு பங்கும் தண்ணீர் ஐந்து பங்கும் எடுத்துக்கொள்க. மாவை ஒரு பங்கு குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் நான்கு பங்கு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறவேண்டும். வெண்மை நீங்கி, கண்ணாடிபோல் தெளிவு வந்ததும் இறக்கிவிடலாம். அன்றன்று காய்ச்சிய பசையே நல்லது. பல மாதம் இருக்கவேண்டிய பொருளாயின், பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில் துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷமாதலால், குழந்தைகள் தொடும் பசையிலும், சமையல் பாத்திரத்திலும் அதைச் சேர்த்தல் கூடாது. அதற்கென ஒரு மண்சட்டியைத் தனியே வைத்துக்கொள்ளவும்.

தோரணம்

வர்ணக் காகிதம் 20 அங்குலம் அகலமும் 30 அங்குலம் நீளமும் உள்ள தாளாகக் கிடைக்கும். அகலத்தை நான்காகவும் நீளத்தை ஐந்தாகவும் பகுத்தால், 5 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள 20 துண்டுகள் கிடைக்கும், துளியும் வீணாகாது. ஒவ்வொரு துண்டிலும் மேலே ஓர் அங்குலத்தை நூலின்மேல் மடித்து ஒட்டுவதற்கு விட்டு, எஞ்சியதை முக்கோணமாக வெட்டவேண்டும். கொடிக்குக் கொடி ஓர் அங்குலம் இடைவெளி விட்டு ஒட்டினால், ஒரு தாளில் 10 அடி தோரணம் முடியும். முப்பதடி நீளமுள்ள வீட்டு முகப்புக்கு மூன்று தாள்களே போதும். வெட்டி விழும் மூலைத் துண்டுகளைக் காகிதப் பூக்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வலைபோல் நீளும் தோரணம் இன்னும் எளிது. தாளை நீளவாட்டில் இரண்டாக மடித்து, மறுபடியும் அவ்வாறே மடித்தால் ஒடுங்கிய பட்டை கிடைக்கும். அதன் இருபக்கத்து ஓரங்களிலிருந்தும் மாறி மாறி, எதிர் ஓரத்தைத் தொடாமல் ஒரு விரற்கடை விட்டு வெட்டிக்கொண்டே போகவேண்டும். பின்னர் மெதுவாக விரித்து இழுத்தால் வலையாக நீளும். வெட்டுகள் நெருங்கியிருந்தால் வலை அதிகமாக நீளும். ஆனால் எளிதில் அறும். முதன்முதல் பழகுவோர் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பார்த்தபின் வர்ணக் காகிதத்தைத் தொடுவது உசிதம்.

நட்சத்திர விளக்கு

கிறிஸ்துமஸுக்கு வீடுதோறும் தொங்கும் இவ்விளக்குக்கு இரண்டடி நீளமுள்ள 10 மூங்கில் சிம்புகளும், 5 அங்குல நீளமுள்ள 5 சிறு குச்சிகளும் தேவை. ஐந்து சிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடுமாறு கட்டினால் ஐந்து முனையுள்ள நட்சத்திரம் ஒன்று அமையும். அவ்விதம் இரண்டு செய்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டவேண்டும். பிறகு உள்ளே சிம்புகள் ஒன்றையொன்று கடக்கும் ஐந்து இடங்களிலும் சிறு குச்சிகளை முட்டுக்கொடுத்தால் நடுப்பாகம் இருபுறமும் புடைத்து நிற்கும். அதன்மேல் மெல்லிய வர்ணக் காகிதத்தை ஒட்டி, விளக்கை உள்ளே வைப்பதற்கும் சூடு வெளியேறுவதற்கும் பின்புறத்தில் வழி விடவேண்டும்.

அகலையோ மெழுகுவர்த்தியையோ இதனுள் ஒருபோதும் வைக்கலாகாது. கூரை வீடாயின் ஒரு பொறியே போதும், ஓர் ஆண்டின் உழைப்பு சாம்பலாவதற்கு. சூடு குறைந்த சிறு எல்.இ.டி. விளக்கே தக்கது, அதுவும் காகிதத்தைத் தொடாமல் தொங்கவேண்டும்.

காகிதக்கூழ்க் கூடை

பண்டிகைக்கு மட்டுமன்றி ஆண்டு முழுதும் உதவுவது இது. நமது பாட்டிமார் அறிந்திருந்த வேலையே. பழைய காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து மூன்று நாள் நீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றவேண்டும். நன்கு பிழிந்து, ஊறிய வெந்தயம் ஒரு கைப்பிடி சேர்த்து, ஆட்டுக்கல்லில் மைய அரைத்தால் கூழ் ஒட்டும் தன்மை பெறும். வெந்தயத்தின் வழுவழுப்பே அதற்குக் காரணம். ஒரு குடத்தையோ வாளியையோ கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் கூழை விரற்கனம் அப்பி, முதல் நாள் நிழலிலும் பின்னர் வெயிலிலும் காயவிடவேண்டும். முதலிலேயே கடும்வெயிலில் வைத்தால் வெடிக்கும். காய்ந்த கூடையைக் கழற்றி, உள்ளும் புறமும் வர்ணக் காகிதம் ஒட்டிவிட்டால் நூல், துணி, கணக்குப் புத்தகம் வைப்பதற்குப் பல ஆண்டு உதவும். அச்சு மை கலந்த கூழாதலால், உண்ணும் பொருளை அதில் இடாமலிருப்பது நலம்.

விற்பனைக்குச் செய்வோருக்கு

வீட்டுத் தேவைக்குச் செய்வதில் நஷ்டமென்பதே இல்லை. விற்பனைக்குச் செய்யும்போது கணக்கு முன்னே வரவேண்டும். உதாரணமாக, நூறு காகித உறைகள் 50 ரூபாய்க்கு விலைபோவதாகவும், காகிதத்துக்கு 30 ரூபாயும் பசைக்கும் நூலுக்கும் 5 ரூபாயும் செலவாவதாகவும் வைத்துக்கொள்வோம். மிச்சம் 15 ரூபாய். அவ்வுறைகளை ஒட்ட இரண்டு மணி நேரம் ஆயின், மணிக்கு ஏழரை ரூபாயே கூலி. கெட்டுப்போனவற்றையும் கழித்தால் இன்னும் குறையும். இக்கணக்கைப் பாராமல், ‘நூற்றுக்கு 50 ரூபாய் வருகிறது’ என்று மகிழ்ந்து, கடன் வாங்கி இயந்திரம் வைத்தால், கடன் மட்டுமே மிஞ்சும். ஓய்வு நேரத்தில், கிடைத்த காகிதத்தில், கையால் செய்யும்வரை இது லாபம். கடனில் தொடங்கினால் பாரம்.

இரண்டாவதாக, பண்டிகைப் பொருளுக்குக் காலம் குறுகியது. மார்கழியில் விற்காத நட்சத்திரம் அடுத்த மார்கழி வரையில் தூசியும் பூச்சியும் பிடித்துக் கிடக்கும். ஆகையால் பள்ளிக்கூடம், கோயில், மாதாகோயில், கடைக்காரர் ஆகியோரிடம் முன்கூட்டியே எத்தனை வேண்டுமென்று கேட்டு, அத்தனையே செய்யவேண்டும். கூடைபோல் எக்காலத்தும் விலைபோகும் பொருளைச் சிறிது அதிகமாகச் செய்து வைக்கலாம்.

மூன்றாவதாக, செய்தித்தாளில் ஒட்டிய உறைகளைத் தின்பண்டக் கடைகளுக்குக் கொடுக்கலாகாது. உணவுப் பொருளைச் செய்தித்தாளில் பொதிவதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு ஒழுங்குவிதிகள் தடை செய்கின்றன. சூடும் எண்ணெயும் பட்டால் அச்சு மை உணவில் கலக்கும். அத்தகைய உறைகள் நூற்கடைக்கும் ஆணிக்கடைக்கும் ஆகட்டும்.

தொடங்கும் விதம்

பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னதாக, தெருவுக்கு நான்கைந்து வீட்டுப் பெண்மக்களும் பிள்ளைகளும் ஓரிடத்தில் கூடி, காகிதத்தை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். பெரியவர்கள் மூங்கில் சீவட்டும். பிள்ளைகள் வெட்டி ஒட்டட்டும். ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாங்கியது, செலவானது, மிஞ்சியது ஆகியவற்றை எழுதி வரவேண்டும். பண்டிகை முடிந்தபின் அக்கணக்கை எல்லோர் முன்னிலையிலும் படித்து, கடையில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் தொகையோடு ஒப்பிட்டு, மிச்சத்தை அவரவர் சேமிப்புக் கணக்கில் செலுத்திவிடுவது சிறந்தது. தொகை சிறிதாயிருப்பினும் கவலையில்லை. அடுத்த பண்டிகைக்குக் கைமாற்று கேட்கப் போகும் கால்கள் அந்த அளவுக்கேனும் வீட்டில் தங்கும்.