டேப்பட் ஓசையும் வால்வின் இடைவெளியும்

1917ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அமைந்தது கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரத்திலேயாகும். அறுத்த குலைகளை 24 மணி நேரத்திற்குள் ஆலையிற் சேர்த்தல் நன்று. தாழ்ப்பின் எண்ணெயில் அமிலம் மிகும். ஆதலின் குலை சுமக்கும் லோரி வழியில் நிற்றலாகாது.

டீசல் எஞ்சினுள் காற்றை விடுவனவும் புகையை வெளியேற்றுவனவும் வால்வுகளே. கேம் தண்டு உயர்த்தும் டேப்பட்டும் தள்ளுகோலும் ராக்கரை அசைக்க, வால்வு திறக்கும். சுருள்வில் அதனை மூடும். வெப்பத்தில் உலோகம் நீளுமாதலால், ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே மயிரிழையளவு இடைவெளி விடுவர்.

இவ்விடைவெளி மிகுந்தால் 'டக் டக்' என்னும் ஓசை எழும். குறைந்தாலோ ஓசை எழாது. ஆனால் வால்வு சரிவர மூடாது. மூடிய வால்வே தன் சூட்டை இருக்கைக்குக் கடத்தும். மூடாதது கசியும் வெப்பவாயுவில் கருகும். ஆகவே ஓசையிடும் குறையினும் ஓசையற்ற குறையே கொடிது.

எனவே குறித்த காலத்தில் அளத்தல் வேண்டும். தயாரிப்பாளர் குறித்த சூட்டுநிலையில், வால்வுகள் மூடியிருக்கும்போது, ஃபீலர் தகட்டை நுழைத்துத் திருகைத் திருத்திப் பூட்டுமரையை இறுக்குவர். பின்னும் ஓசை நீடித்தால், தள்ளுகோல் வளைந்ததோ, கேம் தேய்ந்ததோ எனப் பார்த்தல் வேண்டும். கருகிய வால்வுக்கோ, எஞ்சினின் தலையைக் கழற்றுவதன்றி வேறு வழியில்லை.