தூண்டில் முள் போல ஒரு காசு

கற்பிட்டி வாசகர் ஒருவர் படத்தோடு கடிதம் அனுப்பியிருக்கிறார். தோட்டம் கொத்தும்போது வளைந்த வெள்ளிக் கம்பி ஒன்று அகப்பட்டதாம். தூண்டில் முள் போல இருக்கிறது, ஆனால் கூர் இல்லை, இது என்ன என்று கேட்கிறார்.

காசுதான். பெயர் லாரின். 1872இல் ரூபாய் வருமுன் இங்கே இறைசால் என்ற காசு புழங்கியது பலருக்கும் தெரியும். லாரின் அதற்கும் மூத்தது. பாரசீகத்து லார் நகரில் பிறந்து, வளைகுடா வணிகர் கையோடு நம் கரைக்கு வந்தது. எடை ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. மற்ற நாடுகளில் கம்பியை இரண்டாக மடித்ததோடு விட்டார்கள்; கொக்கியாக வளைத்தது இலங்கையில்தான். மாலைதீவில் இன்றும் சில்லறைக்கு லாரி என்றே பெயர்.

1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, 1679இல் அரிப்புக்குத் தப்பி வந்த ரொபர்ட் நொக்ஸ் எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு இந்தக் காசின் மேல் பைத்தியம் பிடித்தது. அவர் சொல்வதன்படி, அன்று அரசன் அனுமதியோடு யாரும் இதை அடிக்கலாம். முத்திரையும் அவரவர் விருப்பம். அப்படியானால் கள்ளக் காசை எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தேகம் வந்தால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். வெள்ளைவெளேரென்று வந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது.

சோதனை எளிது, ஆனால் ஏமாற்ற முடியாது. வெள்ளியில் செம்பு கலந்திருந்தால் சூட்டில் அந்தச் செம்பு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மேற்பரப்பைக் கறுக்கச் செய்துவிடும். தூய வெள்ளி அந்தச் சூட்டில் ஒட்சிசனோடு கூடுவதே இல்லை. தண்ணீர் ஆற்றுவதற்கு மட்டும். இரசாயனம் படிக்காதவர்கள் அடுப்படியில் செய்த ஆய்வு இது.

கம்பியில் தெரியும் கீறல்களை வாசகர் துரு என்று நினைக்கிறார். வெள்ளி துருப்பிடிக்காது. அவை எழுத்துகள், பாரசீகக் காசிலிருந்த எழுத்தை, வாசிக்கத் தெரியாத நம்மூர்த் தட்டார்கள் பார்த்துப் பார்த்து அடித்ததில் வெறும் கோடுகளாகிவிட்டன. எனக்கு அரச முத்திரையைவிட இந்தக் கோணல் கோடுகள்தான் பிடிக்கும்.

இத்தகைய கம்பி கையில் கிடைத்தால் நம்மவர்கள் முதலில் ஓடுவது நகைக்கடைக்கு. அங்கே அரை மணி நேரத்தில் அது மெட்டியாகிவிடும். ஐந்து கிராம் வெள்ளிக்கு என்ன பெரிய விலை வந்துவிடப் போகிறது? 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி இப்படிக் கிடைப்பவற்றை அறிவித்தாக வேண்டும். வாசகருக்கு என் வேண்டுகோள்: புளி போட்டு விளக்காதீர்கள், நிமிர்த்தாதீர்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள். அருகில் இன்னும் சில கிடக்கவும் கூடும். அவர்கள் வரும்வரை மண்வெட்டியை வேறு பக்கம் திருப்புங்கள்.