புத்தூர்க் கிணறும் நம்ம பீலித் தண்ணியும்

"அம்மா, நாளைக்கு ஒரு வெறும் போத்தல் வேணுமாம். கொஞ்சம் உப்பும் வேணுமாம். டீச்சர் கொண்டுவரச் சொன்னாங்க."

மலையில் நின்னுட்டு வந்து, கூடையை இறக்கி வைக்கிற நேரத்துல பிள்ளை இப்படிக் கேட்டா நமக்குக் கோவம் வரும். "படிக்க அனுப்பினா விளையாடவா சொல்லித் தர்றாங்க? அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனைக்கு இதுவா வரப்போகுது?" என்று கேட்காத பெற்றோர் லயத்தில் குறைவு. கேட்பது நியாயம்தான். கொப்பியில் நிறைய எழுதியிருந்தால் பிள்ளை படிக்கிறது என்றுதான் நமக்கும் பழக்கம்.

ஆனால் 1999ஆம் ஆண்டு நாடு முழுவதும் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில், 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடம் வந்தது. பெயரிலேயே 'செயற்பாடு' இருக்கிறது, கவனிச்சுப் பாருங்க. பிள்ளை தொட்டு, அளந்து, ஊற்றி, உடைத்துப் பார்த்துப் படிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். அது எப்படிப் படிப்பாகும் என்பதற்கு யாழ்ப்பாணத்துப் புத்தூரிலிருந்து ஒரு கிணற்றைக் காட்டலாம்.

புத்தூருக்குப் பக்கத்தில், நவக்கிரியில் இருக்கிறது நிலாவரைக் கிணறு. இராமர் அம்பு விட்டு, வானரப் படையின் தாகம் தீர்த்த இடம் என்று ஊரார் சொல்வார்கள். அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்றும் ஒரு கதை உண்டு. அடியே இல்லாத கிணறு என்ற பெயரும் இருக்கிறது. அடி இல்லாமல் இல்லை. கயிறு விட்டு அளந்தவர்கள் தொட்டிருக்கிறார்கள், ஆழம் நூறு அடிக்கு மேல்.

கதையை விட உண்மை இன்னும் ஆச்சரியம். அந்தக் கிணற்றில் மேலே இருப்பது நல்ல தண்ணி. கீழே போகப் போக உவர்ப்பு. இன்னும் கீழே கடல் தண்ணி மாதிரி உப்பு. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கையில் பெரிய உத்தியோகம் பார்த்த எமர்சன் டெனன்ட் என்பவர், 1859இல் வெளிவந்த தன் இலங்கைப் புத்தகத்தில் இந்தப் பக்கத்துக் கிணறுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஒரே கிணற்றில் இரண்டு தண்ணி எப்படிக் கலக்காமல் நிற்கும்? இதை வாயால் எவ்வளவு சொன்னாலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏறாது. போத்தலும் உப்பும் கேட்டது இதற்குத்தான். வீட்டிலேயே செஞ்சு பாருங்க.

ஒரு கண்ணாடிக் கிளாஸில் பாதிக்குத் தண்ணி எடுத்து, ஒரு முட்டையை மெதுவாக விடுங்க. அடியில் போய் உட்காரும். இப்ப உப்பைப் போட்டுக் கலக்குங்க. முட்டை எழும்பி மிதக்கிற வரைக்கும் போட வேண்டும், கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். அடுத்து, சீனி போடாத பிளேன் டீயை நல்லா ஆற வைத்து, ஒரு கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, அதன் மேல் ஒழுக விட்டு மெல்ல ஊற்றுங்க. கீழே வெள்ளையாய் உப்புத் தண்ணி, மேலே சிவப்பாய்ச் சாயம், நடுவில் முட்டை. மூன்றும் தனித்தனியாய் நிற்கும். டீ சூடாக இருந்தால் சூட்டினால் மிதக்குதா, உப்பினால் மிதக்குதா என்று தெரியாமல் போகும். சீனி போட்டால் டீயே பாரமாகிவிடும். அதனால்தான் ஆறிய டீ, சீனி இல்லாத டீ. ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது, இதுதான் விஞ்ஞானத்தின் முதல் பாடம். (முட்டையைக் கழுவிட்டு அவிச்சுக் கொடுத்திருங்க, வீணாக்க வேண்டாம்.)

யாழ்ப்பாணக் குடாநாடும் இந்தக் கிளாஸ் மாதிரித்தான். சுற்றிக் கடல். வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் கிடையாது. நிலத்துக்குக் கீழே ஓட்டை ஒடிசலான சுண்ணாம்புக் கல். வாடைக்காற்று மாசங்களில் பெய்கிற மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற கடல் தண்ணியின் மேல் மிதக்கிறது. அதைத்தான் கிணறு வெட்டி எடுத்து வெங்காயமும் புகையிலையும் நட்டார்கள்.

இனிக் கணக்குப் பாடம். 40 லீற்றர் கடல் தண்ணியின் நிறை, ஏறத்தாழ 41 லீற்றர் நல்ல தண்ணியின் நிறைக்குச் சமம். கடல் தண்ணி அவ்வளவு பாரம். ஆகவே 40 அடி உயரக் கடல் தண்ணியைத் தாங்கிச் சமமாக நிற்க 41 அடி நல்ல தண்ணி வேண்டும். அந்த மிச்ச ஒரு அடி கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும். அப்படியானால், நிலத்தடியில் நல்ல தண்ணி கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கிறது என்று கணக்கு. இரண்டும் சேரும் இடத்தில் கொஞ்சம் கலப்பு இருக்கும், அதனால் இது பருமட்டான கணக்குத்தான்.

இதைத் திருப்பிப் பாருங்க. மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்து, அப்படியே வைத்திருந்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும்! அந்தக் காலத்தில் துலா மிதித்து இறைத்தார்கள். ஒருத்தர் இரண்டு பேர் துலா மேலே முன்னும் பின்னும் நடப்பார்கள், கீழே ஒருத்தர் பட்டையைப் பிடித்துத் தண்ணியை ஊற்றுவார். ஆள் களைத்தால் இறைப்பும் நிற்கும். மோட்டார் களைக்காது. பம்பு வந்த பிறகு உவர் ஏறிய கிணறுகள் பல. அந்த ஊர்ப் பிள்ளைக்கு 40 பெருக்கல் வெறும் வாய்ப்பாடு இல்லை, அப்பாவின் தோட்டத்துக் கணக்கு.

துலாவே ஒரு பாடம்தான். அடிமட்டத்தின் நடுவில் ஒரு பென்சிலை வைத்து, ஒரு பக்கம் நடுவிலிருந்து 5 சென்ரிமீற்றரில் இரண்டு நாணயம், மறுபக்கம் 10 சென்ரிமீற்றரில் அதே மாதிரி ஒரு நாணயம் வையுங்க. சமமாக நிற்கும். இரண்டை அஞ்சால் பெருக்கினாலும் பத்து, ஒன்றைப் பத்தால் பெருக்கினாலும் பத்து. துலாவும் இதுதான், தராசும் இதுதான்.

தராசு என்றதும் நம்ம ஆட்களுக்குக் காது நிமிரும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது எத்தனை கிலோ விழுந்தது, சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று வாய் திறக்காமல் வீடு வருகிறவர்கள் எத்தனை பேர்? ஒரு லீற்றர் தண்ணியின் நிறை ஒரு கிலோ. ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல்கள் ஐந்தில் சரியாக ஒரு லீற்றர் அளந்து ஊற்றினால், போத்தலின் சிறு நிறை போக, 5 கிலோ. எந்தத் தராசையும் இதை வைத்துப் பார்க்கலாம். போத்தலில் படிக்கிற பிள்ளைக்கு இது விளையாட்டு மாதிரித்தான் தெரியும். தராசில் பிழை என்று சந்தேகம் வந்தால், சண்டைக்குப் போக வேண்டாம். தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவதற்கென்றே அரசாங்கத்தில் ஒரு திணைக்களம் இருக்கிறது.

இந்த முறைப் படிப்புப் புதுசும் இல்லை. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 கிராமப் பாடசாலைகளில் செய்து பார்த்துப் படிக்கும் விஞ்ஞானம் தொடங்கியது. முப்பது வருஷம் நடந்து, 2002இல் அரசாங்கம் நிறுத்தியது. நிறுத்தியது பிழை என்பது என் எண்ணம். அங்கே பழகிய அரவிந்த் குப்தா என்ற பொறியியலாளர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்துக் கணிதம் சொல்லிக் கொடுத்தார். மூன்று குச்சியைச் சேர்த்தால் முக்கோணம், அசையாது. நாலு குச்சியைச் சேர்த்தால் சதுரம், தொட்டாலே சரியும். லயத்துக் கூரையை அண்ணாந்து பாருங்க, மரங்கள் ஏன் முக்கோணமாக நிற்கிறது என்று பிள்ளையே சொல்லும். தமிழ்நாட்டிலும் 2003இல் சென்னை மாநகராட்சிப் பாடசாலைகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் பரவியது.

நமக்குக் கிணறு இல்லை, பீலி இருக்கிறது. அதை அளக்கலாம். 15 லீற்றர் வாளியைப் பீலியில் வைத்து, நிறைய எத்தனை நேரம் எடுக்கிறது என்று பிள்ளையை எழுதச் சொல்லுங்க. மழை மாசத்தில் ஒரு தடவை, பனிக்கால வெயிலில் ஒரு தடவை. வெயிலில் 5 நிமிஷம் எடுத்தது என்று வைப்போம். நிமிஷத்துக்கு 3 லீற்றர், மணிக்கு 180, ஒரு நாளைக்கு 4320 லீற்றர். லயத்தில் 20 வீடு என்றால் வீட்டுக்கு 216 லீற்றர். அப்படியானால் ஏன் விடியக்காலையில் வாளி வைத்துச் சண்டை? ராத்திரி எல்லாரும் தூங்கும்போது ஓடுகிற தண்ணி ஓடையில் போகிறது. இரவு எட்டு மணி முதல் காலை ஐந்து மணி வரை 9 மணித்தியாலம், 1620 லீற்றர். 2000 லீற்றர் தொட்டி ஒன்று வைத்தால் அவ்வளவும் பிடிபடும். தொட்டி கேட்டு அடுத்த தடவை தோட்டத்து ஆபீசுக்குப் போகும்போது, பிள்ளை எழுதிய அந்தக் கொப்பியையும் கையோடு எடுத்துக்கிட்டுப் போங்க.